நாற்பத்தேழாம் பாட்டு

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் எங்கள் சர்ச்சில் ஒரு மரப்பலகை இருந்தது. அன்றைக்குப் பாட வேண்டிய பாட்டுகளின் எண்களை அட்டைகளாக அதில் செருகி வைப்போம். 'ஒன்று' அட்டையில் இரண்டுதான் மிஞ்சியிருந்தது. அதனால் நூற்றுப் பதினோராம் பாட்டைப் பல வருடங்களாக யாரும் பாடவில்லை. 'ஒன்பது' தொலைந்த பிறகு ஒரே ஒரு ஆறைத் தலைகீழாகச் செருகினோம். ஆறும் ஒன்பதும் சேர்ந்து வரும் பாட்டுகளும் அத்தோடு நின்றுபோயின.

இதைப் பற்றிக் கமிட்டியில் பேச்சு வந்தபோது நான் வாயைத் திறந்தேன். ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுது பார்ப்பது என் வேலை. சிவப்பு விளக்கில் மூன்று இலக்கம் எரியும் போர்டு ஒன்று செய்யலாம், உள்ளே மைக்ரோகண்ட்ரோலர் என்கிற உள்ளங்கை அளவு குட்டிக் கணினி இருக்கும், லேப்டாப்பில் எண்ணைத் தட்டினால் யூஎஸ்பி வயர் வழியாகப் போய் போர்டில் தெரியும் என்று சொன்னேன். ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்றும் சொன்னேன். மூன்று மாதம் ஆனது.

கமிட்டியில் ஒரே ஒருவர்தான் கேள்வி கேட்டார். ஆர்கன் வாசிக்கும் டீச்சர். தமிழ்ப்பள்ளியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். தன் கையில் இருக்கும் சீட்டில் ஓர் எண்ணும் போர்டில் வேறு எண்ணும் இருந்தால் எதை வாசிப்பது என்று கேட்டார்.

"போர்டுல என்ன தெரியுதோ அதுதான் டீச்சர்" என்றேன். செயலாளர் அதைக் குறிப்பேட்டிலும் எழுதிக்கொண்டார்.

ஒரு சனிக்கிழமை காலை சர்ச்சில் கல்யாணம். புதுப் போர்டு அன்றைக்கே எரிய வேண்டும் என்று போதகர் ஆசைப்பட்டார். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து நேராக வந்து சுவரில் மாட்டினேன். ஆர்கனுக்குப் பக்கத்தில் சர்ச் லேப்டாப். வீட்டில் நான் சோதித்த வயர் ஒரு சாண் எட்டவில்லை. டீச்சர் தன் கைப்பையிலிருந்து நல்ல நீளமான, தடித்த வயர் ஒன்றை எடுத்துத் தந்தார். "தரமான வயர்" என்று பாராட்டிச் செருகினேன். போர்டில் விளக்கு எரிந்தது. ஆனால் லேப்டாப்புக்கு அப்படி ஒரு போர்டு இருப்பதே தெரியவில்லை. திரையில் இணைப்புகளின் பட்டியல் காலியாக இருந்தது.

டிரைவர் மென்பொருளை அழித்துவிட்டுத் திரும்பவும் ஏற்றினேன். வேறு துளையில் செருகினேன். லேப்டாப்பை நான்கு முறை அணைத்துப் போட்டேன். இது பழைய லேப்டாப், வேலைக்கு ஆகாது என்று போதகரிடம் சொன்னேன். அது அவருடைய மகளின் லேப்டாப் என்று பிறகுதான் தெரிந்தது. இரண்டு மணி நேரம் போயிருக்கும். முன் பெஞ்சில் உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருந்த டீச்சர் அப்போதுதான் நிமிர்ந்தார்.

"அந்த வயர்ல சார்ஜ் மட்டுந்தான் ஏறும் தம்பி. போன்ல உள்ள போட்டோவ லேப்டாப்புக்கு மாத்தப் பாத்தேன், வரவே இல்ல."

முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்க கேக்கலயே. லைட் எரியுதுன்னு சந்தோசமா இருந்தீங்க."

மின்சாரம் போக இரண்டு கம்பி, பேச்சு போக இரண்டு கம்பி. டீச்சரின் வயரில் பின்னது இரண்டும் இல்லை. இருபது வருடமாக இதே தொழிலில் இருக்கிறேன். மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போய், கைப்பேசிக் கடை மூடுவதற்குள் சரியான வயர் வாங்கி வந்தேன். செருகினேன். பட்டியலில் போர்டு தெரிந்தது. 123 தட்டினேன், எரிந்தது. 321, எரிந்தது. 555, எரிந்தது. போதகர் கைதட்டினார். நான் வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் சர்ச் நிறைந்திருந்தது. மணப்பெண் ஈப்போ மருத்துவமனையில் தாதி. அவளுடைய அப்பா லோரி ஓட்டுகிறவர். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். முதல் பாட்டு 47. தட்டினேன். போர்டில் ஒன்றும் வரவில்லை. சரியாக அழுத்தவில்லை போலிருக்கிறது என்று இன்னொரு முறை 47 தட்டினேன். 474 என்று பளிச்சென்று எரிந்தது.

நானூற்று எழுபத்து நான்கு, சாவு வீட்டில் பாடும் அடக்க ஆராதனைப் பாட்டு.

டீச்சர் தன் சீட்டைப் பார்த்தார். போர்டைப் பார்த்தார். என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு 474ஐ வாசிக்கத் தொடங்கினார்.

கல்யாணப் பாட்டென்றால் எங்கள் ஆட்கள் புத்தகத்துக்குள் முகத்தை வைத்து முணுமுணுப்பார்கள். இந்தப் பாட்டு அப்படியில்லை. எத்தனையோ வீட்டில் பாடியது, எல்லோருக்கும் மனப்பாடம். சர்ச்சே எழுந்து நின்று தொண்டை திறந்து பாடியது. பெண்ணும் அப்பாவும் அந்தத் தாளத்துக்கே மெதுவாக, மிக மெதுவாக நடந்து வந்தார்கள். பின் வரிசையில் இரண்டு பேர் பழக்கத்தில் கண்ணைத் துடைத்தார்கள்.

நான் பதறிப்போய் மூன்றாவது முறை 47 தட்டினேன். 747 வந்தது. எங்கள் பாட்டுப் புத்தகத்தில் அறுநூறு பாட்டுகூடக் கிடையாது. வயரைப் பிடுங்கிச் செருகினேன். போர்டு தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும்போது காட்டும் 888 வந்தது. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் சித்தியவானிலிருந்து வந்தவர். அவர் புத்தகத்தின் கடைசிப் பக்கம் வரை புரட்டிவிட்டு, இங்கே வேறு புத்தகமா என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார். போதகர் முதல் சரணத்தோடு கையைக் காட்டி நிறுத்தினார். மணப்பெண் முக்காட்டுக்குள் குலுங்கினாள். அழுகிறாள் என்று நினைத்து எனக்கு உயிரே போய்விட்டது. சிரித்துக்கொண்டிருந்தாள்.

சாப்பாட்டின்போது ஆட்டுக்கறிப் பானைக்குப் பின்னால் ஒதுங்கி நின்றேன். பெண்ணின் அப்பா தேடிக்கொண்டு வந்துவிட்டார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"விடுங்கண்ணே. சனங்க இவ்வளவு நல்லா பாடி நான் கேட்டதே இல்லலா" என்றார். "எனக்கு ஆகுறப்பயும் இதையே போடுங்க. அன்னைக்கு மட்டும் நம்பர் சரியா வரணும்."

கோளாறு என்ன என்று சாப்பாட்டுத் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதே புரிந்துவிட்டது. மூன்று இலக்கம் வந்தால்தான் காட்ட வேண்டும் என்று போர்டுக்கு எழுதிக்கொடுத்தவன் நான். 47 வந்ததும் அது மூன்றாவது இலக்கத்துக்குக் காத்திருந்தது. திரும்பத் தட்டிய 47இல் நான்கை எடுத்துக்கொண்டு 474 ஆக்கியது. 7ஐ மிச்சம் வைத்து அடுத்த எண்ணுக்கு முன்னால் ஒட்டியது. சொன்னதைத்தான் செய்தது, டீச்சரைப் போலவே. நானோ மூன்று இலக்க எண்களை மட்டுமே சோதித்திருந்தேன்.

எண் முடிந்தது என்பதற்கு ஓர் அடையாளம் சேர்த்து அனுப்பினால் போதும். திங்கட்கிழமை சாயங்காலம் போய் பத்து நிமிடத்தில் திருத்தினேன். 47 எரிந்தது. 5 எரிந்தது. கிளம்பலாம் என்று எழுந்தேன். டீச்சர் ஆர்கன் முன்னால் உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்துவைத்திருந்தார்.

"ஒன்னுலருந்து போடுங்க" என்றார்.

ஒவ்வோர் எண்ணாகத் தட்டினேன். ஒவ்வொன்றும் எரிந்ததும் அவர் புத்தகத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தார். முப்பதைத் தாண்டியதும் கை சும்மா இருக்கவில்லை போலும், ஒவ்வொரு பாட்டுக்கும் முதல் வரியை வாசிக்க ஆரம்பித்தார். பாதி ராகங்களை நான் கேட்டதே இல்லை. அவருக்கே சில தடுமாறின. தடுமாறினால் இரண்டு முறை வாசித்தார். நூற்றுப் பதினொன்று வந்தது. அதை மட்டும் நான்கு சரணமும் முழுசாக வாசித்தார். அடுத்த எண்ணைத் தட்ட மறந்து உட்கார்ந்திருந்தேன்.

மனைவி போன் செய்தாள். சாப்பிட வருகிறீர்களா இல்லையா என்று கேட்டாள். டீச்சரைப் பார்த்தேன்.

"இன்னும் நானூத்திச் சொச்சம் இருக்குன்னு சொல்லுங்க" என்றார்.