சிவப்பைச் சகிக்காத மச்சான் சார்

கைக்குட்டையை மடித்து, வாயால் ஒரு ஊது ஊதி, சாலை ரோலரில் மாட்டியிருக்கும் திரையை மூலைமுடுக்கெல்லாம் துடைத்து முடித்த பிறகுதான் மச்சான் சார் “ம்” என்பார். அந்த “ம்” கிடைக்காமல் ரோலர் ஓர் அங்குலம் நகராது. டிரைவர் என்ஜினை உறுமவிட்டுக் காத்திருப்பார். மச்சான் சார் பக்கத்தில் நின்றபடியே கம்பியைப் பிடித்துக்கொண்டு, பல்லக்கில் ஊர்வலம் போகிறவரைப் போலக் கிளம்புவார்.

ரோலரின் இரும்பு உருளையில் ஒரு சென்சார் இருக்கிறது. உருளை அதிர்ந்து மண்ணை அடிக்கிறது. மண் எவ்வளவு திடமாகத் திருப்பி அடிக்கிறது என்பதைச் சென்சார் அளந்து திரைக்கு அனுப்புகிறது. நன்றாக இறுகியிருந்தால் பச்சை, அரைகுறையென்றால் மஞ்சள், தொளதொளவென்றால் சிவப்பு. கம்பெனியிலிருந்து வந்தவர் இதை அரைநாள் விளக்கினார். மச்சான் சார் ஆரம்பத்திலேயே கண்ணயர்ந்துவிட்டார். விழித்தபோது திரை பச்சையாக இருந்தது, எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். ஆகவே பச்சைதான் நல்லது என்று பிடித்துக்கொண்டார். பிடித்ததை விடுகிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

சாலைப் பணியை ஒப்பந்தம் எடுத்திருப்பவர் அவருடைய அக்காவின் கணவர். முதலாளி வாய் நிறைய “மச்சான்” என்று கூப்பிடுவதைக் கேட்டு வேலையிடமே அப்படிக் கூப்பிடத் தொடங்கி, மரியாதைக்கு ஒரு “சார்” சேர்த்துக்கொண்டது. அவரைவிட இருபது வயது மூத்த மேஸ்திரிக்கும் அவர் மச்சான் சார்தான். அந்தப் பட்டத்தில் உறவும் உண்டு, மரியாதையும் உண்டு. இரண்டையும் சம்பாதிக்க அவர் துரும்பைக்கூட நகர்த்தியதில்லை.

முன்பு சிமெண்ட் கிடங்கு அவர் பொறுப்பில் இருந்தது. கதவுக்கு இரட்டைப் பூட்டுப் போட்டு, சாவியை இடுப்பில் முடிந்துகொண்டு, ஜன்னலை மட்டும் மழைக்குத் திறந்து வைத்தார். அடுத்து டீசல் வழங்கும் வேலை. எல்லா வண்டிக்கும் ஒரே நியாயம் என்று முதலாளியின் பெட்ரோல் ஜீப்புக்கும் டீசலையே ஊற்றினார். அந்த நேரத்தில்தான் சென்சார் இல்லாமல் ரோலர் ஓடக்கூடாது, அதற்கென்று ஓர் ஆள் இருந்தே ஆக வேண்டும் என்று புது நிபந்தனை வந்தது. முதலாளி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

“நம்ம மச்சான் உக்காரட்டும். சும்மா பாத்துக்கிட்டு இருக்கிற வேலைதானே? அது அவனுக்குக் கைவந்த கலை.”

கலைஞர் வேலையை வீட்டுக்கும் கொண்டுபோனார். காலையில் மனைவியின் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்து, “இன்னைக்கு மஞ்சள்” என்று முணுமுணுப்பார். “இன்னும் ஒரு வார்த்தை பேசுங்க, சிவப்பையும் காட்டறேன்” என்பார் அந்த அம்மா. மச்சான் சார் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிடுவார்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் பாலத்தடி குறுக்கிட்டது. சாலை மேடேறிப் பாலத்தைத் தொடும் இடத்தில், திரையில் ஒரு சிவப்புத் திட்டு. ரோலர் மேலே போனது, கீழே வந்தது. மறுபடியும் போனது, வந்தது. சுற்றிலும் பச்சை பிடித்தது. நடுவில் அந்தத் திட்டு மட்டும் அழுத குழந்தையின் மூக்கு மாதிரி சிவந்தே கிடந்தது. மச்சான் சார் திரையைத் துடைத்தார். தட்டினார். அணைத்துப் போட்டார். அரை மனதாகக் கும்பிட்டும் பார்த்தார்.

“சார், இதுக்கு மேல உருட்டினா ரோலர்தான் தேயும்” என்றார் டிரைவர். “விட்டுட்டு அடுத்த பக்கம் போயிடலாம். மேல தார் போட்டா யாருக்குத் தெரியப்போகுது?”

“பச்சை வராம நான் நகர மாட்டேன். இந்தச் சிவப்பு ஆபீசுக்குப் போச்சுன்னா மாமா மானம் என்ன ஆகறது?”

மாமாவின் மண்ணில் குறை இருக்க முடியாது. ஆகவே திரைப் பெட்டிதான் பொய் சொல்கிறது என்ற முடிவுக்கு வந்தார். முடிவுக்கு வந்ததோடு நின்றிருக்கலாம். தரத்தைச் சோதிக்கும் பொறியாளரம்மாவுக்குப் போன் போட்டுவிட்டார்.

“மேடம், இந்தப் பெட்டி எங்க மாமா மேல வீண்பழி போடுது. நீங்களே வந்து தோண்டிப் பாத்து, பெட்டி தப்புன்னு எழுதிக் குடுங்க.”

ஒப்பந்தக்காரர் வீட்டு ஆளே தோண்டச் சொல்லிக் கூப்பிடுவது அந்த அம்மாவின் உத்தியோகத்தில் முதல் அனுபவமாக இருக்க வேண்டும். சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுக் கிளம்பி வந்தார். சேதி எட்டிய முதலாளியும் அடித்துப் பிடித்து ஓடி வந்தார். அதற்குள் பொக்லைன் இரண்டு வாய் அள்ளியிருந்தது.

மேலே முழங்கால் ஆழத்துக்கு அருமையான செம்மண். அதற்குக் கீழே கன்னங்கரேலென்று ஊறிய சேறு. சேற்றோடு உடைந்த செங்கல், பிளாஸ்டிக் பை, கிழிந்த சாக்கு. சேறு பாலத்தின் அஸ்திவாரக் குழியிலிருந்து வந்தது. எடுத்துக்கொண்டுபோய்க் கொட்டச் செலவாகும் என்று இங்கேயே புதைத்திருந்தார்கள்.

எல்லோரும் பள்ளத்தை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது மச்சான் சார் மட்டும் குனிந்து, சேற்றிலிருந்து ஒரு துண்டைப் பொறுக்கி, தொடையில் துடைத்தார். நீல நிறத்தில் வெள்ளைப் பூப்போட்ட டைல்ஸ். அவர் முகம் மலர்ந்தது.

“மாமா! இது அக்கா பாத்ரூம்ல இருந்து போன மாசம் பேத்து எடுத்தது இல்ல?”

முதலாளியின் முகம் பெட்டிக்குத் தெரியாத ஒரு நிறத்துக்குப் போனது. “உங்க வீட்டு பாத்ரூமா?” என்று பொறியாளரம்மா மிகவும் மரியாதையாகக் கேட்டார். மச்சான் சார் முந்திக்கொண்டு, “ஆமா மேடம், நல்ல டைல்ஸ். அக்காவுக்குத்தான் சலிச்சுப்போச்சு” என்று சாட்சியத்தை முழுமையாக்கினார்.

மொத்தத்தையும் தோண்டி எடுத்துப் புது மண் நிரப்ப வேண்டும், இதே ஆள் திரையில் இருக்க வேண்டும் என்று உத்தரவு எழுதிவிட்டு அந்த அம்மா போனார். முதலாளி ஒரு வார்த்தையும் பேசாமல் காரில் ஏறினார். பேசும் பொறுப்பை அக்கா போனில் எடுத்துக்கொண்டாள்.

“வாய வச்சுக்கிட்டு சும்மா இருக்கத் தெரியாதாடா உனக்கு? ஊரெல்லாம் என் பாத்ரூமைப் பத்திப் பேசுது!”

“நல்ல டைல்ஸுன்னுதானே சொன்னேன் அக்கா…”

போனை வைத்துவிட்டு மச்சான் சார் ரோலரின் நிழலில் உட்கார்ந்தார். டிரைவரிடம் கேட்டார்: “கீழ சேறு இருக்கிறது உங்களுக்குத் தெரியுமா?”

“எல்லாருக்கும் தெரியும் சார்.”

“என்கிட்ட ஏன் யாரும் சொல்லலை?”

டிரைவர் தலையைச் சொறிந்தார். “உங்களுக்குத் தெரியாதுன்னுதானே சார் உங்களை இந்த வேலைக்கு வச்சிருக்கு.”

அவர் கோபப்படுவார் என்று டிரைவர் எதிர்பார்த்தார். கோபம் வரவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, தோண்டிக் கிடந்த பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பள்ளி வேன் பக்கத்திலிருந்த பழைய பாலத்தின் வழியாகப் போனது. இந்தப் புதுப் பாலம் திறந்ததும் அக்கா பிள்ளைகளின் வேனும் இந்த மேட்டில்தான் ஏற வேண்டும். அதை அவர் சொல்லவில்லை; வேன் மறையும்வரை கழுத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

புது மண் வந்தது. அடுக்கடுக்காகப் பரப்பினார்கள், தண்ணீர் தெளித்தார்கள், உருட்டினார்கள். முதல் அடுக்கு பச்சையானது. இரண்டாவது அடுக்குக்கு வந்த லாரிகளின் மண் சற்றுக் கறுப்பாக இருந்தது. அதன் பின்னாலேயே முதலாளியின் காரும் வந்தது. இறங்கியவர் மச்சானின் தோளில் கை போட்டார். டைல்ஸ் விவகாரத்துக்குப் பிறகு இதுதான் முதல் பேச்சு.

“மச்சான், நடந்தது நடந்துபோச்சு. நமக்குள்ள என்ன? இந்த ஒரு அடுக்குக்கு மட்டும் பெட்டிய அணைச்சு வை. சார்ஜ் தீந்துபோச்சுன்னு சொல்லிக்கலாம். நீ சொன்னா நம்புவாங்க.”

மச்சான் சார் திரையைப் பார்த்தார். உண்மையிலேயே சார்ஜ் கொஞ்சம்தான் இருந்தது. தோளில் இருந்த கையை மெல்ல எடுத்து முதலாளியிடமே கொடுத்துவிட்டு, அவர் காரின் கதவைத் திறந்து உள்ளே குனிந்தார். ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் தொங்கிய சார்ஜர் ஒயரைப் பிடுங்கி, கையில் சுற்றிக்கொண்டு போய், ரோலரில் ஏறி, ஒரு முனையை அதன் சாக்கெட்டிலும் மறுமுனையைத் திரையிலும் சொருகினார்.