மாப்பிள்ளையை மாத்து

நான் ஒரு முட்டாள் என்பதற்கு என் கைப்பட எழுதிய சான்று எங்கள் வீட்டு கராஜில் இருக்கிறது. பனி தள்ளும் மண்வாரிக்குப் பின்னால், எழுத்து சுவரைப் பார்க்கும்படி திருப்பி வைத்த ஓர் அட்டை. புது டிவி வந்த பெட்டியிலிருந்து நானே வெட்டியது. தடித்த கறுப்பு மார்க்கரால், என் ஆயுளிலேயே அழகாக அமைந்துவிட்ட கையெழுத்தில், ‘மாப்பிள்ளையை மாத்து’ என்று எழுதியிருக்கிறேன். ரீசைக்கிளிங் வண்டி வரும் நாட்களில் அதைத் தூக்கிக்கொண்டு டிரைவ்வே முனை வரைக்கும் போவேன். எதிர்வீட்டில் திருச்சிக்காரர், பக்கத்தில் கோயம்புத்தூர்க்காரர், போதாததற்கு ஆறு மாத விசாவில் வந்து காலையில் நடை போகும் பெரியவர்கள். நியூஜெர்சியில் எங்கள் தெருவில் ஆங்கிலப் பலகையை விட இதைத்தான் அதிகம் பேர் படிப்பார்கள் என்று தோன்றும். திரும்ப உள்ளே கொண்டுவந்து வைத்துவிடுவேன். துண்டு துண்டாக வெட்டிப் போட்டால் என்ன என்று மனைவி கேட்டாள். கத்திரிக்கோலோடு உட்கார்ந்தும் பார்த்தேன். முதலில் வெட்ட வேண்டியது ‘மாப்பிள்ளை’யை. கை வரவில்லை.

இந்த அறிவு எனக்கு முன்பே இருந்திருக்க வேண்டும். தமிழில் திட்டினால் அமெரிக்காவில் யாருக்கும் புரியாது என்ற நம்பிக்கையில்தான் நம்மில் பாதிப் பேர் இந்த நாட்டில் வண்டி ஓட்டுகிறோம், வரிசையில் நிற்கிறோம், ஆபீஸ் மீட்டிங்கில் மைக்கை அணைத்துவிட்டு முணுமுணுக்கிறோம். நான் அந்த நம்பிக்கையை ஃபுட்பால் மைதானத்துக்கும் எடுத்துக்கொண்டு போனேன்.

நான் முதுகலை படித்த பல்கலைக்கழகத்துக்கு ஓர் அணி உண்டு. படித்த காலத்தில் அந்த ஸ்டேடியம் பக்கமே நான் போனதில்லை. தலை நரைத்த பிறகு, பார்சிப்பனி ஆபீஸில் திங்கட்கிழமை தோறும் எல்லோரும் பேசும் பேச்சு புரியவில்லையே என்ற ஏக்கத்தில் யூடியூப் பார்த்து விதிகளைக் கற்றுக்கொண்டேன். பேர் ஃபுட்பால், பந்தைக் காலால் தொடுவது அபூர்வம். நான்கு முயற்சிக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும், முடியாவிட்டால் பந்து எதிராளிக்குப் போய்விடும். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். பயிற்சியாளர்களுக்குப் புத்தி சொல்ல இது போதும் என்று நினைத்தேன். “ஊர்ல தெரு கிரிக்கெட்ல கூட உங்கள அம்பயராத்தான் நிக்க வெச்சாங்களாம். இங்க வந்து கோச்சுக்கே கோச்சிங்கா?” என்றாள் மனைவி. அவள் சொன்னது உண்மை. அம்பயராக நிற்கும்போதும் என்னைப் பாதியில் மாற்றியிருக்கிறார்கள்.

நான் சீசன் டிக்கெட் வாங்கிய வருஷம் பார்த்து அணி தோற்க ஆரம்பித்தது. சாதாரணத் தோல்வி இல்லை; பாதி ஆட்டத்திலேயே கூட்டம் கார் பார்க்கிங்குக்கு ஓடும் தோல்வி. இத்தனைக்கும் காரணம் என்று நான் கண்டுபிடித்தது ஒரே ஆளை. நம் பக்கம் பந்து இருக்கும்போது என்ன செய்ய வேண்டும் என்று திட்டம் சொல்லும் துணைப் பயிற்சியாளர். செம்பட்டைத் தாடி வைத்த நெட்டையான வெள்ளைக்காரர். மற்ற பயிற்சியாளர்கள் எல்லாம் கோட்டோரத்தில் குதித்து, தொப்பியைத் தரையில் அடித்து, தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்க, இவர் மட்டும் நின்ற இடத்தில் நிற்பார். ஹோட்டல் மெனு கார்டு போல பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு பெரிய தாளால் வாயை மறைத்துக்கொண்டு மைக்கில் ஏதோ சொல்வார். உதட்டசைவை எதிரணி படித்துவிடக் கூடாதாம். எனக்கோ, வாசலில் நின்றுகொண்டு, கால் கழுவ மச்சினன் தண்ணீர் கொண்டுவரட்டும் என்று காத்திருக்கும் கல்யாண மாப்பிள்ளை ஞாபகம்தான் வந்தது. அன்றைக்கே பெயர் வைத்துவிட்டேன்.

அவர் மூன்றாவது முயற்சியில் எப்போதும் ஒரே திட்டத்தைத்தான் சொல்வார். பந்தை வாங்கிக்கொண்டு நட்டநடுவில் ஓடிப் போய் ஆள் குவியலில் முட்டு. முட்டுவார்கள். விழுவார்கள். எழுந்து மறுபடி முட்டுவார்கள். நான் எழுந்து நின்று, “மாப்ள, பந்தியிலேயே உக்காந்துராதீங்க, பந்த தூக்கிப் போடச் சொல்லுங்க” என்பேன். “மாப்பிள்ளைக்கு முறுக்கு பத்தலையாம்ப்பா” என்பேன். பக்கத்து சீட்டில் என் மதுரைக்கார நண்பன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான். ஒரு மனிதனை அழுக்காகத் திட்டாமல் நகைச்சுவையாகத் திட்டினால் அது பாவத்தில் சேராது என்று எனக்கு ஓர் எண்ணம்.

எங்களுக்கு முன்வரிசையில் ஒரு பெரியவர் வருவார். கம்பளித் தொப்பி, கழுத்தைச் சுற்றி மஃப்ளர், மடியில் ஒரு சின்ன ஃப்ளாஸ்க். எப்போதும் தனியாகத்தான் வருவார். பாப்கார்ன் விற்பவரிடம் அவர் பேசிய ஆங்கிலத்தின் ராகத்தைக் கேட்டு, தமிழ் தெரியாத கயானாக்காரர் என்று நானும் நண்பனும் தீர்ப்பு எழுதிவிட்டோம். நான் முதல்முறை “மாப்ள” என்று கத்தியபோது அவர் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். வெகுநாள் கழித்து உறவினரைப் பார்த்தது போல முகம் முழுக்கப் பரவிய சிரிப்பு. சரி, புரியாவிட்டாலும் என் நடிப்பை ரசிக்கிறார் மனிதர் என்று நினைத்து, அதன்பிறகு குரலைக் கொஞ்சம் கூட்டினேன். அவர் திரும்புவது குறைந்தது. பிறகு நின்றே போனது. நான் அதையும் கவனிக்கவில்லை.

பிறகு ஒருநாள் அட்டையோடு போனேன். அன்று நல்ல குளிர். இடைவேளைக்கு முன்பே ஆட்டம் கைவிட்டுப் போயிருந்தது. மூன்றாவது முயற்சி, நடுவில் ஓட்டம், முட்டல், வீழ்ச்சி. நான் அட்டையைத் தலைக்கு மேல் தூக்கினேன். ஸ்டேடியத்தின் ராட்சதத் திரைக்குக் காட்சி தேடிக்கொண்டிருந்த கேமராக்காரருக்குப் புரியாத எழுத்து பிடித்துப்போயிருக்க வேண்டும். எதிரே, இரண்டு மாடி உயரத்துக்கு, என் கையெழுத்து. மாப்பிள்ளையை மாத்து. என்னவென்று தெரியாமலே கூட்டம் ஆர்ப்பரித்தது. நண்பன் போனில் படம் எடுத்தான். கோட்டோரத்தில் செம்பட்டைத் தாடிக்காரர் தலையை நிமிர்த்தித் திரையைப் பார்த்தார். எல்லோரும் பார்த்து முடித்த பிறகும் அவர் பார்த்துக்கொண்டிருந்தார். வாயை மறைத்திருந்த தாள் மெல்ல இடுப்புக்கு இறங்கியது.

முன்வரிசைப் பெரியவர் எழுந்து, முழுதாகத் திரும்பி என்னைப் பார்த்தார்.

“அவர் என்ர மருமகன், தம்பி” என்றார்.

யாழ்ப்பாணத் தமிழ். என் கையில் அட்டை அப்படியே நின்றது. இறக்கவும் தெரியவில்லை, வைத்திருக்கவும் தெரியவில்லை. அடுத்தவர் கோபம் எனக்குப் பழக்கம். அதற்குப் பதில் சொல்ல ஒரு ஜோக் கைவசம் வைத்திருப்பேன். ஆனால் அவரிடம் கோபமே இல்லை. ஏதோ விளக்கம் சொல்பவர் போலத்தான் பேசினார்.

“முதல் நாள் நீங்கள் மாப்பிள்ளை எண்டு கூப்பிடேக்க, எங்கட மகளின்ர கலியாணத்துக்கு வந்த ஆரோ எண்டு நினைச்சன்.”

அந்தச் சிரிப்பு எனக்கு அப்போது விளங்கியது. நண்பன் இருந்த திசையைப் பார்த்தேன். ஹாட் டாக் வாங்கப் போயிருந்தான். அவன் சுத்த சைவம்.

நான் எதையோ உளறினேன். அவருக்கு இது புரிந்திருக்காது அங்கிள், தமிழ்தானே, என்று சொன்னதாக ஞாபகம். இன்றைக்கும் அந்த வாக்கியம் நினைவுக்கு வரும்போது, காரில் தனியாக இருந்தாலும் கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றுகிறது. மருமகன் தமிழ் வாசிப்பார் என்றார் பெரியவர். பேத்தியை ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் விட்டுவிட்டு, பின் பெஞ்சில் உட்கார்ந்து அவளோடு சேர்ந்து எழுத்துக் கூட்டப் படித்தவராம். ‘ப்பி’யில் எப்போதும் தடுக்குமாம். பெரியவருடைய மனைவி இறந்த பிறகு மகள் குடும்பம் இரண்டு தெரு தள்ளி வீடு பார்த்து வந்திருந்தது. பள்ளி விட்டதும் பேத்தி வருவது இவர் வீட்டுக்குத்தான்.

“அவரை மாத்தினா அவையளும் போயிடுவினம். இந்த வேலை அப்பிடித்தான். எந்த ஸ்டேட் கூப்பிடுதோ, அங்கை.”

சொல்லிவிட்டு உட்கார்ந்து மைதானத்தைப் பார்த்தார். மீதி ஆட்டம் முழுக்க அந்தக் கம்பளித் தொப்பியின் பின்புறத்தைத்தான் நான் பார்த்தேன். எங்கள் அணி கடைசியில் ஒரு முறை பந்தைத் தூக்கிப் போட்டு கோல் கோட்டைத் தாண்டியதாம். மறுநாள் பேப்பரில் படித்தேன்.

சீசன் முடிந்ததும் தலைமைப் பயிற்சியாளரை நீக்கினார்கள். அவரோடு எல்லாத் துணைகளும் போனார்கள். என் அட்டையால் அது நடந்ததாகச் சொன்னால் எனக்கு நானே மாலை போட்டுக்கொள்வதாகும். இந்த ஊரில் எவனும் என் பேச்சைக் கேட்டு எதையும் மாற்றியதில்லை, என் வீட்டு தெர்மோஸ்டாட் உட்பட. ஆனால் நான் கேட்டது நடந்தது. செம்பட்டைத் தாடிக்காரருக்கு டெக்சாஸில் ஒரு சின்னக் கல்லூரியில் வேலை கிடைத்ததாகச் செய்தி பார்த்தேன். மன்னிப்புக் கேட்கலாம் என்று பிரிட்ஜ்வாட்டர் கோவில் கேன்டீனில் பல ஞாயிறுகள் அந்தத் தொப்பியைத் தேடினேன். கண்டிருந்தால் ஒளிந்திருப்பேன் என்பது எனக்கே தெரியும்.

இந்த வருஷம் முதல் ஆட்டத்துக்குப் போனபோது அவர் அதே இடத்தில் இருந்தார். அதே மஃப்ளர், அதே ஃப்ளாஸ்க். மருமகன் இல்லாத மைதானத்துக்கு ஏன் வருகிறார் என்று கேட்கும் தகுதி எனக்கு இல்லை. நண்பன் வேறு பக்கம் சீட் மாற்றிக்கொண்டுவிட்டான். வணக்கம் சொன்னேன், தலையசைத்தார். காரில் வரும்போது ஒத்திகை பார்த்த மன்னிப்பு நாக்கு நுனி வரை வந்து, ஆட்டம் தொடங்கியதும் உள்ளே போய்விட்டது. அந்த அட்டையைக் கிழித்தெறிந்துவிட்டேன் என்று ஒரு பொய்யாவது சொல்லலாமா என்றிருந்தது. அதற்கும் வாய் வரவில்லை.

கீழே புதிய தலைமைப் பயிற்சியாளர், புதிய துணை, புதிய பிளாஸ்டிக் தாள். மூன்றாவது முயற்சி. பந்தை வாங்கியவன் நேராக நடுவில் ஓடி, ஆள் குவியலில் முட்டி விழுந்தான். கூட்டம் ஊவென்று கத்தியது. மன்னிப்புக்குத் திறக்காத என் வாய் இதற்குத் திறந்தது.

“பாருங்க அங்கிள், இவரும் அதையேதான் பண்றார்.”

அவர் திரும்பவில்லை.

“மாத்தியாச்சுத்தானே, தம்பி.”