நாற்பத்தொன்றாம் வகுப்பு

கிதிர் முகம்மது முழுசாக உட்கார்ந்து பார்த்தவர்கள் அச்சன்புதூரில் யாரும் இல்லை. நிக்காஹ் போட்டோவிலேயே பாதி எழுந்த மாதிரிதான் இருப்பார். சவுதியில், தம்மாமில் ஒரு குடோனில் இருபத்திரண்டு வருடம் ஸ்டோர்கீப்பர். நம்பர் போட்ட பொருள் தொலையாது என்பது அங்கே கற்ற பாடம். ஊருக்குத் திரும்பிய வாரமே மிளகாய்ப்பொடி டப்பாவுக்கு ஒன்று, உப்புக்கு இரண்டு, குடைக்கு மூன்று என்று ஆரம்பித்தார். கோழிகளுக்கும் காலில் நம்பர் கட்டினார். எட்டாம் நம்பர் கோழி இடாமல் ஒன்பதாம் நம்பர் முட்டையிடாது. பொய்யில்லை, அந்த முட்டையை நானே பொரித்துத் தின்றிருக்கிறேன்.

"அடுத்தாப்ல என் நெத்தியிலயும் எழுதிருவீய," என்றாள் மனைவி ஷமீம் பானு. "எண்ணணும்னா வெளிய போயி எதையாவது எண்ணுங்க."

வெளியே எண்ணுவதற்குத் தோதாக ஒன்று நடந்துகொண்டிருந்தது. குளத்தங்கரையில் மரங்களுக்கு நடுவே பிள்ளைகளுக்கு ஒரு மரத்தடி வகுப்பு தயாராகிக்கொண்டிருந்தது. அறிவியல் டீச்சர் ஜெயசித்ராவும் ஊர்க்காரர்கள் பத்துப் பேரும் ஞாயிறுதோறும் கூடி முள்ளை வெட்டினார்கள், உட்காரக் கல் போட்டார்கள். கிதிர் முகம்மது ஒரே கல்லை நாலு தடவை இடம் மாற்றியதைப் பார்த்த ஜெயசித்ரா அவருக்குத் தனி வேலை கொடுத்தாள்.

"அண்ணாச்சி, அடுத்த திங்கக்கிழமை பிள்ளைய வருதாவ. அதுக்குள்ள ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு நம்பர் போட்டுருவீயளா? நம்பரைப் பாத்து நோட்டுல பேரு கண்டுபிடிக்கட்டும்."

வியாழன், வெள்ளி என்று இரண்டே நாளில் நாற்பத்தொரு மரங்கள். இடுப்பு உயரத்தில் வெள்ளைப் பட்டை, அதன்மேல் சிவப்பில் நம்பர். கடைசி நம்பர் நீர்மருதுக்கு. பிள்ளைகள் உட்காரும் கற்களுக்கெல்லாம் அதுதான் நிழல்.

சனிக்கிழமை காலை, பெயிண்ட் காய்ந்ததா என்று பார்க்கப் போனவர் திகைத்து நின்றார். பன்னிரண்டாம் நம்பர் புளியில் ஒரு காய் மிச்சமில்லை. ஐந்தாம் நம்பர் பூவரசின் பாதிக் கிளை கீழே கிடந்தது. ஆடு மேய்க்கிற மாரித்தாய் ஆடுகளை அதில் விட்டுவிட்டு, மீதியையும் இழுக்கத் தொரட்டியைத் தூக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏ மாரித்தாயி! என்ன செய்யுத?"

"நீங்கதான பாயி நம்பர் போட்டிய? எப்படியும் வெட்டத்தான போறாவ. அதுக்கு முன்ன ஆடு ரெண்டு வாய் தின்னுட்டுப் போவுது."

"யாரு வெட்டப் போறா?"

"எனக்கென்ன தெரியும்? மெயின் ரோட்டு மரத்துக்கெல்லாம் இப்படித்தான் வெள்ளையடிச்சு செவப்புல நம்பர் போட்டாவ. மறுமாசம் ஒத்த மரம் இருந்துச்சா?"

ரோட்டை அகலமாக்கியபோது அவர் தம்மாமில் இருந்தார். நம்பர் போட்ட மரம் அறுக்கப்போகிற மரம் என்பது ஊருக்கே தெரியும், அவருக்குத்தான் தெரியாது.

அப்போது மரம் அறுக்கும் இசக்கிப்பாண்டி டேப்போடு வந்து நீர்மருதை வளைத்து அளந்தார்.

"நாப்பத்தொண்ணு எனக்கு வே. முதல்ல கேட்டவன் நான்."

"இது விக்கதுக்கில்ல வே!"

"விக்காத மரத்துக்கு எதுக்கு நம்பரு? நீரு சொல்லாட்டி என்ன, திங்கக்கிழமை பஞ்சாயத்து ஆபீஸ்ல எழுதிக் கேட்டுக்கிடுதேன். நம்பர் போட்டதுதான, குடுத்துருவாவ."

கிதிர் முகம்மது வீட்டுக்கு ஓடி ஒரு டப்பாவோடு திரும்பினார். தம் கையால் போட்ட நம்பர். மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்தார். சிவப்பு பரவியதே தவிர போகவில்லை. கத்தியால் சுரண்டப் போனபோது ஜெயசித்ரா ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

"பட்டை உரிஞ்சா மரம் நோவும் அண்ணாச்சி!"

சாரல் வேறு பிடித்துக்கொண்டது. ஒன்றிலிருந்து நாற்பத்தொன்றுக்கும் நாற்பத்தொன்றிலிருந்து ஒன்றுக்கும் அவர் நடந்த நடையில் கரை அரை அடி தாழ்ந்துவிட்டது. இன்றும் மழை பெய்தால் அங்கே தண்ணீர் நிற்கும், போய்ப் பாருங்கள்.

சோறு கொண்டுவந்த ஷமீம் பானு தூக்குச்சட்டியைக் கல்லில் வைத்தாள். "வெறும் நம்பர் போட்டா சரக்குன்னுதான் நினைப்பான். அழிக்க முடியாட்டி பின்னால ஒரு சொல்லு சேத்து எழுதுங்க. அறுக்குதவன் எழுதாத சொல்லு."

ஞாயிறு முழுக்க அவள் மூன்றாம் நம்பர் குடையைப் பிடிக்க, அவர் எழுதினார். ஒன்றாம் வகுப்பு வேம்பு. ஐந்தாம் வகுப்பு பூவரசு. பன்னிரண்டாம் வகுப்பு புளி. அதற்குமேல் பள்ளிக்கூடத்தில் வகுப்பே இல்லை என்று ஜெயசித்ரா சொல்லிப் பார்த்தாள். அவர் காதில் விழவில்லை.

திங்கட்கிழமை பிள்ளைகள் வந்தார்கள். இரண்டாம் வகுப்பு ஹஸீபா நேராக நீர்மருதுக்கு ஓடினாள். "டீச்சர், நான் நாப்பத்தொண்ணாப்பு படிக்கேன்!" பின்னாலேயே முப்பது பிள்ளைகள். மரத்தைச் சுற்றித் தள்ளுமுள்ளு.

இசக்கிப்பாண்டி எழுதிய மனுவோடு, ஆபீசுக்குப் போகிற வழியில் மரத்தை இன்னொரு தடவை அளக்க வந்தார். மரத்தில் இருந்ததை எழுத்துக்கூட்டி வாசித்தார். டேப்பைச் சுருட்டினார்.

"வகுப்புன்னு எழுதிப்புட்டீரே வே! பிள்ளைய படிக்கிற எடத்துல மெஷினை எறக்குனா ஊரு என்னைய அறுத்துரும்." மனுவை நாலாக மடித்துப் பைக்குள் திணித்துக்கொண்டார். "எம்மவ அபி மூணாப்பு. அவளுக்கு எந்த மரம்?"

"புங்கை," என்ற கிதிர் முகம்மது பக்கத்துக் கல்லில் பொத்தென்று உட்கார்ந்தார். முழுசாக. ஷமீம் பானுவே அதிசயமாகப் பார்த்தாள்.

பிறகுதான் அவர் கண் கற்களின் மேல் போனது. ஒன்றிலும் நம்பர் இல்லை.

"எந்திரிச்சியன்னா பாருங்க," என்று அவள் பெயிண்ட் டப்பாவை எடுத்து முந்தானைக்குள் மறைத்தாள்.