திருப்பி வாங்காத தவிடு

கோமதி அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்த மறுநாள் காலையில் பேச்சித்தாய்க்குக் கை தவறிவிட்டது. இடுப்பிலிருந்து இறக்கிய பித்தளைக் குடம் அப்படியே சாய்ந்து, வீடு முழுக்கத் தண்ணீர் ஓடியது. பாயும் நனைந்தது, பிள்ளையின் பாவாடையும் நனைந்தது. கோமதிக்கு ஏழு வயது. தூக்கத்தில் பாயை நனைத்துவிட்டு, இனி அடி விழும் என்று சுவரோரம் ஒடுங்கிப்போய் உட்கார்ந்திருந்தாள். எல்லாம் ஒரே ஈரமான பிறகு எது எந்த ஈரம் என்று யார் கண்டுபிடிக்க முடியும்? கோயிலில் இருக்கிற கோமதி அம்மன்தான் குடத்தைச் சாய்த்துத் தன்னைக் காப்பாற்றினாள் என்று அந்தப் பிள்ளை நினைத்துக்கொண்டது.

அதற்கடுத்த நாளும் கை தவறியது. அந்த ஆடி மாதம் முடிகிறவரை பேச்சித்தாயின் கை காலை வேளைகளில் நிதானத்தில் இல்லை. தெருக்கிணற்றில் தண்ணீர் அடியில் கிடக்கிற காலம். பக்கத்து வீட்டு ஜெய்னப் வாசலில் நின்று பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"என்னக்கா, கையில எண்ணெயத் தடவிக்கிட்டுத்தான் குடத்தைத் தூக்குதியளா? நாங்க ஒரு குடத்துக்குக் கால்கடுக்க நிக்கோம். நீங்க வீட்டுக்குள்ள ஆறு ஓட விடுதிய."

"வயசாகுதுல்லா ஜெய்னப்பு. பிடி நிக்க மாட்டேங்குது" என்று பேச்சித்தாய் பாயை உதறி வெயிலில் போட்டாள். பிறகு மறுபடியும் குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போனாள்.

உண்மையில் அவளுக்கு அப்படியொன்றும் வயதாகிவிடவில்லை. நாற்பதைத் தாண்டியிருப்பாள். சங்கரன்கோவிலில் ரயிலடிக்குப் போகிற ரோட்டை ஒட்டிய சந்தில் குடியிருந்தாள். புருஷன் போய் வெகுகாலம் ஆகிவிட்டது, பிள்ளை கிடையாது. நாலு வீட்டுக்கு நெல்லுக் குத்திக் கொடுப்பதுதான் பிழைப்பு. குத்துகிற வீட்டில் அரிசி அளந்து கொடுப்பார்கள், குருணையும் தவிடும் அவளுக்கு. உலக்கையை வலது கையிலும் இடது கையிலும் மாற்றி மாற்றிப் போடுகிறவள் அவள். அந்தக் கைக்குப் பிடி நிற்காது என்றால் ஜெய்னப் நம்பியிருப்பாளா? நம்பவில்லை. ஆனாலும் அவள் அதற்கு மேல் கேட்கவில்லை.

பேச்சித்தாய்க்கும் அந்தப் பிள்ளைக்கும் என்ன உறவு என்றால், ரத்த உறவு ஒன்றுமில்லை. தவிட்டு உறவு.

கோமதியின் அம்மா முருகம்மாளும் அப்பா செல்லப்பாவும் முன்பு அதே சந்தில் குடியிருந்தார்கள். முருகம்மாளுக்கு முதல் இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. மூன்றாவதாக இவள் பிறந்ததும், அதுவும் போய்விடக் கூடாதே என்று பிள்ளையைச் சுளகில் கிடத்தி எடுத்துவந்து பேச்சித்தாயிடம் விற்றாள். ஒரு படி தவிட்டுக்கு. எமன் தேடிக்கொண்டு வந்தால், "இது என் பிள்ளை இல்லை, விற்றாகிவிட்டது" என்று சொல்லிக்கொள்ளலாம். விற்ற பிள்ளையைப் பெற்றவளே வளர்ப்பாள். பிள்ளை ஆளானதும், பெற்றவள் தன் கையால் தவிட்டைத் திருப்பிக் கொடுத்து மீட்டுக்கொள்வாள். அந்தப் பக்கத்தில் அது வழக்கம். மற்றப் பிள்ளைகளை அழவைக்க வேண்டுமென்றால் பெரியவர்கள் சும்மாவே சொல்வார்கள், உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம் என்று. கோமதியிடம் சொன்னால் அவள் அழமாட்டாள். "ஆமா, அவ எனக்குத் தவிட்டம்மா" என்பாள்.

கோமதிக்கு ஐந்து வயது ஆனபோது மழை அடியோடு பொய்த்தது. செல்லப்பா பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு மேற்கே மலைத்தோட்டத்துக்குத் தேயிலை பறிக்கப் போனான். அங்கே மலைக்காய்ச்சல் சின்னப் பிள்ளைகளைத்தான் முதலில் கொண்டுபோகும் என்று பேச்சு. ஏற்கெனவே இரண்டைக் கொடுத்தவள் மூன்றாவதைக் கூட்டிக்கொண்டு போகப் பயந்தாள். அதனால் பிள்ளையை இளையரசனேந்தலில் இருந்த செல்லப்பாவின் அண்ணன் வெள்ளத்துரை வீட்டில் விட்டார்கள். பேச்சித்தாய் நான் வைத்துக்கொள்கிறேன் என்றுதான் சொன்னாள். சொந்தப் பெரியப்பா இருக்கும்போது ஊரார் என்ன சொல்வார்கள் என்று செல்லப்பா தட்டிவிட்டான்.

வெள்ளத்துரை குடிக்கிறவர் இல்லை, சூதாடுகிறவர் இல்லை. கோயில் கொடைக்கு முதல் ஆளாக நிற்கிறவர். ஊரில் அவரைப் பற்றி ஒரு குறை சொல்ல ஆள் கிடைக்காது. வீட்டுக்குள் அவர் கை எப்படி என்பது அந்த வீட்டுச் சுவருக்கும், ஆடு மேய்க்க அனுப்பப்பட்ட அந்தப் பிள்ளைக்கும் மட்டும்தான் தெரியும்.

நாட்டுக்குச் சுதந்திரம் வர இன்னும் கொஞ்ச நாள் இருந்தது. அந்த வருஷத்து ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வெள்ளத்துரை வில்வண்டி கட்டிக்கொண்டு குடும்பத்தோடு சங்கரன்கோவிலுக்கு வந்தார். கூட்டத்தில் பேச்சித்தாய் பிள்ளையைத் தூரத்திலேயே பார்த்துவிட்டாள். அருகில் போக வழி கிடைக்கவில்லை. சுவாமி வந்து அம்மனுக்குக் காட்சி கொடுக்கிற நேரம். பயிர் வைக்கிற சம்சாரிகள் தங்கள் காட்டில் விளைந்த பருத்தியையும் வத்தலையும் சப்பரத்தை நோக்கி வீசுவதற்காகக் கையைத் தூக்கினார்கள். ஒரே நேரத்தில் அத்தனை ஆயிரம் கைகள். எல்லோர் முகமும் மேலே பார்த்திருந்தது. கோமதி மட்டும் இரண்டு முழங்கையாலும் முகத்தை மூடிக்கொண்டு தரையில் குந்திவிட்டாள்.

பேச்சித்தாய் அன்றைக்கு அம்மனைப் பார்க்கவில்லை. அதைத்தான் பார்த்தாள்.

கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போய், பிள்ளையைத் தூக்கிக் கோயிலில் புற்றுமண் எடுக்கிற இடத்துக்குக் கொண்டுபோனாள். நெற்றியில் பூசக் கையைக் கொண்டுபோனபோதும் பிள்ளை முகத்தை மூடியது. பாவாடை விலகியபோது கெண்டைக்காலில் கருக்கரிவாளைக் காய்ச்சி இழுத்த தழும்பு தெரிந்தது. பழைய தழும்புக்கு மேலே ஆறாத புதுக்காயம். ஒரு குட்டியை நரி பிடித்துக்கொண்டு போனதற்கு என்று பிள்ளை சொன்னது. பேச்சித்தாய் புற்றுமண்ணைக் குழைத்துக் காயத்தைச் சுற்றிப் பூசினாள். அவள் வாய் அம்மன் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தது.

அப்புறம் வண்டி நின்ற இடத்துக்குப் போய், "எம்பிள்ளைய நான் கூட்டிட்டுப் போறேன் அண்ணாச்சி" என்றாள்.

வெள்ளத்துரை சிரித்தார். சுற்றிலும் ஊர்க்காரர்கள் மாடுகளுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் கேட்கும்படி, நெல்லுக் குத்துகிறவளுக்கு எப்போது பிள்ளை பிறந்தது என்று கேட்டார்.

"பெறலை. அம்மன் சாட்சியா தவிட்டுக்கு வாங்கினேன். உங்க தம்பி பெண்டாட்டி இன்னும் மீட்கலை. வித்த பிள்ளையப் பறிச்சுவச்சா அந்தப் பழுது யார் வீட்டுப் பிள்ளைக்கு வரும்னு நீங்களே சொல்லுங்க."

அவருக்கும் மூன்று பிள்ளைகள். வண்டிக்குள்ளிருந்து அவர் பெண்டாட்டி எட்டிப் பார்த்தாள். இதுவரை அவர் செய்ததற்கு யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் என் தம்பி பிள்ளை, நான் கண்டித்தேன் என்று சொல்லியிருப்பார், ஊரும் தலையாட்டியிருக்கும். ஆனால் அம்மனுக்கு நேர்ந்துகொண்ட நேர்ச்சை வேறு விஷயம். வெள்ளத்துரை கொஞ்சம் யோசித்துவிட்டு, மாட்டுக்குக் கொண்டுவந்திருந்த மூட்டையை அவிழ்க்கச் சொன்னார். அதிலிருந்து ஒரு படி தவிட்டை அள்ளி அவள் முன்னால் நீட்டினார்.

"இந்தா உன் தவிடு. பிள்ளைய வண்டியில ஏத்து."

பிற்காலத்திலும் கோமதி அந்த நிமிஷத்தை நினைத்துக்கொள்வாள். அந்தப் படி எவ்வளவு அருகில் இருந்தது என்பதுதான் அவளுக்கு ஞாபகம். பேச்சித்தாய் கையை நீட்டினால் போதும்.

பேச்சித்தாய் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"வித்தது முருகம்மா கை. திருப்பித் தாரதும் அவ கைதான். உங்க கையால தந்தா அது மாட்டுத் தவிடு அண்ணாச்சி."

வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தவர்களில் நல்லக்கண்ணு என்கிற பெரியவர் முதலில் சிரித்தார். பிறகு அவள் சொல்வதுதான் முறை என்றார். மற்றவர்களும் ஆமோதித்தார்கள். வெள்ளத்துரை படியைத் திரும்ப மூட்டையில் கொட்டினார். ஆடுகளை இனி யார் பார்ப்பது என்று முணுமுணுத்துக்கொண்டே வண்டியைக் கட்டச் சொன்னார்.

கோமதி வந்து சேர்ந்தது அப்படித்தான். ஆனால் ஆள் வந்ததும் பயம் போய்விடுமா? முதல் கொஞ்ச நாள் சோற்றை உருட்டிப் பாவாடை முடிச்சில் ஒளித்துவைத்தாள். உலக்கைச் சத்தம் கேட்டால் ஜெய்னப் வீட்டுக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். பேச்சித்தாய் ஏன் என்று கேட்டதே இல்லை. கையைத் தூக்குவதற்கு முன்னால் சொல்லிவிட்டுத் தூக்குவதை மட்டும் வழக்கமாக்கிக்கொண்டாள். "தலை சீவப்போறேன் மக்கா, கையத் தூக்குதேன்." "உறியில இருந்து மோர் எடுக்கணும், கையத் தூக்குதேன்." ஜெய்னப்புக்கும் அது தொற்றிக்கொண்டது. கொடியில் துணி போடும்போது அவள் தெருவுக்கே கேட்கும்படி, "ஏட்டி கோமதி, நானும் தூக்குதேன், பாத்துக்க" என்பாள். சந்தில் போகிறவர்கள் இந்த இரண்டு பெண்களுக்கும் என்ன ஆகிவிட்டது என்று பார்த்துக்கொண்டு போனார்கள்.

இப்படி எவ்வளவு காலம் போனதோ. ஒருநாள் பேன் பார்க்க உட்கார்ந்தபோது பேச்சித்தாய் வழக்கம்போல் சொல்ல வாயெடுத்தாள். கோமதி தலையை அவள் மடியில் சாய்த்துக்கொண்டு, "சும்மா தூக்கு தவிட்டம்மா. சொல்லாண்டாம்" என்றாள். அன்றைக்குப் பேச்சித்தாய் கோயிலுக்குப் போய் மாவிளக்கு வைத்துவிட்டு வந்தாள். என்ன நேர்ச்சை என்று ஜெய்னப் கேட்டதற்கு, மாவிளக்கில் ஒரு துண்டைப் பிட்டு அவள் கையில் வைத்தாள்.

மலைக்குப் போகிற ஆட்களிடம் அவள் சொல்லியனுப்பியது, பிள்ளை என்னிடம் சௌக்கியமாக இருக்கிறது என்பது மட்டும்தான். சூடு வைத்த சமாச்சாரத்தை வேற்றாள் வாயில் கொடுத்தனுப்ப அவளுக்கு மனசில்லை. அதனால் முருகம்மாளும் நிம்மதியாகவே இருந்துவிட்டாள். ஒப்பந்தம் முடிந்து அவளும் செல்லப்பாவும் இறங்கி வந்தபோது கோமதிக்குப் பன்னிரண்டு வயது. முருகம்மாள் மடியில் ஒரு படி தவிடு கட்டிக்கொண்டு நேராக அந்தச் சந்துக்குத்தான் வந்தாள். பிள்ளையை மீட்டுக்கொண்டு, இளையரசனேந்தலில் அண்ணன் வீட்டோடு போய் இருந்துகொள்வதாகப் புருஷனும் பெண்டாட்டியும் பேசிவைத்திருந்தார்கள்.

கோமதி அம்மாவை அடையாளம் கண்டுகொண்டாள். கண்டுகொண்டதும் ஜெய்னப் வீட்டுக்கு ஓடிப்போனாள்.

பேச்சித்தாய் அன்றைக்குத் தவிட்டைத் தொடவில்லை. பயணக் களைப்பு ஆறட்டும், நாலு நாள் இங்கேயே இருங்கள் என்றாள். வெள்ளிக்கிழமை பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டு, தண்ணீர் ஊற்றும் வேலையை முருகம்மாளிடம் கொடுத்துவிட்டு நெல்லுக் குத்தப் போய்விட்டாள். திரும்பி வந்தபோது முருகம்மாள் செம்பைக் கீழே வைத்துவிட்டு, பிள்ளையின் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு ஈரத் தரையில் உட்கார்ந்திருந்தாள். கோமதி விறைத்துப்போய் நின்றாள். பெரியப்பா வைத்த சூடு என்று சொல்லிவிட்டு, ஏன் என்னை விட்டுவிட்டுப் போனாய் என்று அவள் கேட்டிருந்தாள். காய்ச்சலுக்குப் பயந்தேன் என்று முருகம்மாள் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அன்று சாயங்காலம் அவள் செல்லப்பாவிடம், வெள்ளத்துரை வீட்டு வாசலில் இனிமேல் கால் வைப்பதில்லை என்று சொல்லிவிட்டாள். தோட்டத்தில் இப்போது மருந்து அடித்துக் காய்ச்சல் குறைந்துவிட்டது, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் இருக்கிறது, திரும்ப அங்கேயே போய்விடுவோம் என்று செல்லப்பாதான் சொன்னான்.

மறுநாள் காலையில் கோமதியின் பாய் மறுபடி நனைந்திருந்தது, பல வருஷத்துக்குப் பிறகு. பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு எவ்வளவு வெட்கமாக இருந்திருக்கும். போர்வையைச் சுற்றிக்கொண்டு அசையாமல் படுத்திருந்தாள். அப்போது முருகம்மாள் குடத்தோடு உள்ளே வந்தாள். பாயைப் பார்த்தாள். பிறகு, அடுப்படியில் இருந்த பேச்சித்தாயைப் பார்த்தாள். பேச்சித்தாய் குடத்தை ஒருமுறை பார்த்துவிட்டு அடுப்பை ஊதத் தொடங்கினாள். முருகம்மாளுக்குப் புரிந்தது. ஆனால் பழக்கமில்லாத கை. கண்ணெதிரே குடத்தைச் சாய்த்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, "ஐயையோ, கை தவறிருச்சே" என்றாள். சின்னப் பிள்ளைகூட நம்பாது.

கோமதி எழுந்து உட்கார்ந்தாள். அந்தப் பழைய ஆடி மாதத்துக் காலைகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அவளுக்குப் புரிந்தன. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "நீ சாய்க்கத் தெரியாம சாய்க்கியே அம்மா" என்றாள். வந்ததிலிருந்து அப்போதுதான் அவள் முருகம்மாளை அம்மா என்று கூப்பிட்டாள்.

மலைக்குப் புறப்படுகிற அன்று ரயிலடிக்கு ஜெய்னப்பும் வந்திருந்தாள். பேச்சித்தாய் அவல் இடித்துப் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். அதற்கு மறுவருஷமே காய்ச்சல் கண்டு பேச்சித்தாய் போய்ச் சேர்ந்துவிட்டாள். கோமதி அவளைப் பார்த்தது அந்த ரயிலடியோடு சரி.

வண்டி வருகிற சத்தம் கேட்டதும் முருகம்மாள் சின்ன ஓலைப்பெட்டியில் இருந்த தவிட்டை எடுத்து நீட்டினாள். இதுதான் முறையான கை. பேச்சித்தாய் பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அப்படியே அவளிடம் தள்ளிவிட்டாள். முருகம்மாள் பதறிப்போய், நேர்ச்சை குறையாகிவிடுமே அக்கா என்றாள். அம்மனிடம் நான் சொல்லிக்கொள்கிறேன் என்றாள் பேச்சித்தாய். பிறகு கோமதியின் பக்கம் திரும்பி, சொல்லாமலே கையைத் தூக்கி அவள் கன்னத்தைத் தொட்டாள். கோமதி கண்ணைக்கூட மூடவில்லை.

"தவிட்டை நான் வாங்கலைட்டி. எங்க இருந்தாலும் சரி, யாரு உம்மேல கை ஓங்குனாலும் சரி, நீ இன்னும் வித்த பிள்ளைதான்னு சொல்லிட்டு ரயிலேறி இங்கன வந்துரு."