விளிக்காமல் யாரும் வரமாட்டார்கள்

எங்கள் மகளுக்கு ஒன்பது வயது நிறைந்தபோது, அவளுடைய பிறந்தநாளுக்கு ஒரு பள்ளிக்கூடத்தையே வரச் சொல்லிவிட்டோம். நான் சொன்னது ஒரு வகுப்புக்குத்தான். மீதியைத் தலைமையாசிரியர் பார்த்துக்கொண்டார்.

அதற்கு முந்தைய வருடம் வரை நாங்கள் திருப்பூரில் இருந்தோம். நானும் வீட்டுக்காரரும் கேரள எல்லையோரம் பாறசாலைப் பக்கம் பிறந்து வளர்ந்தவர்கள். பிழைக்கப் போன இடத்தில் மகள் பிறந்தாள். அங்கே அவள் வாயாடி. இங்கே திரும்பி வந்து நாலாம் வகுப்பில் சேர்த்த முதல் நாள், எழுந்து நின்று "ஏனுங்க டீச்சர்" என்றாளாம். வகுப்பே சிரித்துவிட்டது. அந்தப் பிள்ளைகள் மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, அப்படி ஒரு பேச்சை அவர்கள் கேட்டதே கிடையாது. ஆனால் அன்றைக்கு மூடிய வாயை இவள் பள்ளிக்கூடத்தில் திறக்கவே இல்லை. காலையில் பஸ்ஸில் ஏறுவாள், சாயங்காலம் இறங்குவாள். இன்றைக்கு யாரோடு பேசினாய் என்று கேட்டால், "யாருமில்லீங்ம்மா" என்பாள்.

அதனால்தான் வகுப்பு டீச்சரிடம் போய், பிள்ளைகளை எல்லாம் பிறந்தநாளுக்கு அனுப்பி வையுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். டீச்சர் அதைத் தலைமையாசிரியரிடம் சொல்லியிருக்கிறார். ஒரு வகுப்புக்கு மட்டும் சொன்னால் மற்ற பிள்ளைகளின் மனசு நோகுமே என்று அந்த நல்ல மனுஷன் காலை அசெம்பிளியில் மைக்கைப் பிடித்து, ஒன்றாம் வகுப்பு முதல் நாலாம் வகுப்பு வரை எல்லாரும் வருகிற ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்குப் போக வேண்டும் என்று அறிவித்துவிட்டார்.

செய்தி கேட்டு நான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுகிறவர். எதற்கும் அசைந்து கொடுக்காத ஆள்.

"நல்லதாப் போச்சு எட்டி. ரெண்டு மூடு மரச்சீனிக் கிழங்கப் பறிச்சு அவிச்சு, மீன் கறியும் வச்சா முடிஞ்சு."

"பிள்ளைக்க பிறந்தநாளுக்கு மரச்சீனியா? உங்களுக்க மூளைய ஸ்டாண்டில வச்சிட்டு வந்தியளா?"

கடைசியில் பிரியாணி என்று முடிவானது. குன்னத்துகாலில் இருந்து ஒரு சமையல்காரரை ஏற்பாடு செய்தோம். பெரிய வார்ப்புப் பாத்திரம், பந்தல், வாடகை நாற்காலி எல்லாம் வந்தன. பக்கத்து வீட்டு டீச்சர் பழைய மிஷன் சபையில் ஞாயிறு பள்ளி நடத்துகிறவர். விளையாட்டெல்லாம் தன் பொறுப்பு என்று சொல்லிவிட்டார். "கிறிஸ்துமஸுக்கு இதைவிடக் கூட்டம் உண்டு மக்கா, ஒரு விசிலில ஒதுக்கிருவேன்" என்றார். பள்ளிக்கூட வாட்ஸாப் குழுவில் கேக் படம் போட்டு, நேரத்தையும் வழியையும் எழுதினேன். கட்டைவிரல்களாக வந்து குவிந்தன.

மகள் மட்டும் தினமும் ஒரே கேள்வியைக் கேட்டாள். "யாராவது வருவாங்களாம்மா?"

"பள்ளிக்கூடமே வருது, கேள்வியைப் பாரு" என்று கத்துவேன். உள்ளுக்குள் எனக்கும் அதே பயம்தான்.

மூன்று நாள் இருக்கும்போது பக்கத்து வீட்டு டீச்சர் சாதாரணமாகக் கேட்டார், "எல்லா வீட்டுக்கும் போய் விளிச்சாச்சா?"

"வாட்ஸாப்பில போட்டேனே டீச்சர்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ இந்த ஊருல பிறந்தவதானா? விளிக்காத வீட்டுக்கு பிள்ளைய விடுவினுமா? தீனிக்கு வந்ததுன்னு நாலு பேரு சொல்லமாட்டாவளா?"

எனக்குப் பொட்டில் அறைந்த மாதிரி இருந்தது. எங்கள் ஊரில் கல்யாணமோ புதுவீட்டுப் பால்காய்ச்சோ, வீட்டுப்படி ஏறிப் போய் விளிக்க வேண்டும். அட்டை கொடுத்தாலும் வாயால் 'வரணும்' என்று சொல்ல வேண்டும். சொல்லாத இடத்துக்கு, பசித்துக் கிடந்தாலும் போகமாட்டார்கள். இதே காரணத்துக்காக என் அப்பா சொந்தத் தங்கை வீட்டுக் கல்யாணத்துக்கே போகாமல் இருந்தவர். குழந்தைகள் விஷயத்துக்கு இதெல்லாம் எதற்கு என்று நினைத்துவிட்டேன். திருப்பூர் என்னை நன்றாகத்தான் மாற்றியிருந்தது.

அன்றைக்கே வீட்டுக்காரர் ஓட்டத்தை விட்டுவிட்டார். மூன்று பேரும் ஆட்டோவில் கிளம்பினோம். விளிக்கப் போவதும் லேசான காரியம் இல்லை. எந்த வீட்டிலும் வாசலோடு திரும்ப முடியாது. உட்கார வேண்டும், சாயா குடிக்க வேண்டும், தட்டில் வைத்ததை ஒரு துண்டாவது எடுக்க வேண்டும். "சாயா வேண்டாம்" என்றால், "எங்க வீட்டுல குடிக்கமாட்டியளோ?" என்பார்கள். தனுவச்சபுரம் பக்கம் நாலைந்து வீடு முடிந்தபோதே எனக்கு வயிற்றில் சாயா தளும்பியது. வீட்டுக்காரர் மட்டும் எல்லா வீட்டிலும் முறுக்கை எடுத்துக் கடித்துக்கொண்டிருந்தார்.

மகள் ஒரு வீட்டிலும் வாயைத் திறக்கவில்லை. என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நின்றாள். எனக்கு வந்த கோபத்தை ஆட்டோவுக்குள் வைத்துத் தீர்த்தேன். "உனக்குத்தானடி பிறந்தநாள், எனக்கா?" அவள் வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

இருட்டும் நேரத்தில் பொழியூர் போய்ச் சேர்ந்தோம். இவளோடு ஒரே பெஞ்சில் உட்காருகிற பெண்ணின் வீடு, கடல் அரிப்பைத் தடுக்கப் போட்ட கல்லுக்குப் பக்கத்திலேயே இருந்தது. அலைச் சத்தத்துக்கு மேலே கத்தித்தான் பேச வேண்டும். நான் வழக்கம்போல ஆரம்பித்தேன். அந்தப் பெண்ணின் அம்மா என்னைக் கையமர்த்திவிட்டு, மகள் பக்கம் குனிந்து மலையாளத்தில் சிரித்துக்கொண்டே சொன்னாள். "மோளு விளிக்கு. மோளு விளிச்சா ஞங்ஙளு வராம்." மகளே கூப்பிடட்டும், கூப்பிட்டால் வருகிறோம் என்கிறாள்.

மகள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு பெஞ்சில் பக்கத்தில் உட்காருகிற அந்தச் சின்னப் பெண்ணைப் பார்த்து, "வரணும்" என்றாள். அலைச் சத்தத்தில் எனக்கே பாதிதான் கேட்டது. ஆனால் அந்தப் பெண் பலமாகத் தலையாட்டினாள்.

மறுநாளும் அதற்கு மறுநாளும் சுற்றினோம். ஒரு வீடு பாக்கி வைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு எல்லாம் தயார். பலூன் கட்டியாகிவிட்டது, வார்ப்பில் பிரியாணி மணக்கிறது, பக்கத்து வீட்டு டீச்சர் விசிலோடு நிற்கிறார். மகள் புதுக் கவுனில் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாலேகால் ஆனது, நாலரை ஆனது. ரப்பர் தோட்டத்துக்கு நடுவே வரும் எங்கள் வழியில் ஒரு நாய்கூட வரவில்லை. சமையல்காரர் என்னைப் பார்ப்பதும் வார்ப்பைப் பார்ப்பதுமாக இருந்தார். மகள் திரும்பி என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அடுப்படிக்குள் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தேன்.

ஐஸ்கிரீம் வாங்கப் போன வீட்டுக்காரர் அப்போதுதான் ஆட்டோவை வளைத்துக்கொண்டு வந்து நிறுத்தினார்.

"எட்டி, ஜங்ஷன்ல பாத்தியா? ஒரே கூட்டமாக்கும்! எல்லாப் பிள்ளையளும் புதுச்சட்டையும் போட்டு, கையில பரிசுப் பொதியும் வச்சிட்டு, ரேஷன் கடை முன்னால நிக்குது. முதல்ல யாரு போவதுன்னு நாணம். நீங்க போங்க, பொறவு நாங்க வாறோம்னு ஆளுக்காள் சொல்லிட்டு நிக்கினும்!"

அட கடவுளே! எங்கள் ஊரின் இந்தக் குணமும் எனக்கு மறந்துதான் போயிருந்தது. பந்தியில் முதல் ஆளாக யாரும் உட்காரமாட்டார்கள், விசேஷ வீட்டுக்கு முதல் ஆளாக யாரும் நுழையமாட்டார்கள். போய் அழைத்து வரலாம் என்று நான் செருப்பைத் தேடினேன். அதற்குள் கேட் திறக்கிற சத்தம் கேட்டது. மகள் வெறுங்காலோடு ஓடிக்கொண்டிருந்தாள்.

"எங்கடி போற? கவுன் அழுக்காவும்!" என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடினேன்.

நான் மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தபோது அவள் அந்தக் கூட்டத்துக்கு முன்னால் தனியாக நின்றிருந்தாள். அத்தனை பிள்ளைகளும் பெரியவர்களும் அவளையே பார்த்தார்கள். பேசிவிடு என் கண்ணே, பேசிவிடு என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

"எல்லாரும் வாங்க மக்கா!" என்று கத்தினாள். "கேக்கு வெட்டணும்லா!"

அந்தக் குரலை நான் மாதக்கணக்கில் கேட்டிருக்கவில்லை. பொழியூர்ப் பெண் கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் வந்தாள். "நீ வந்து விளிக்கணும்னுதான் நிக்கோம்" என்று அவள் கையைப் பிடித்தாள். அவ்வளவுதான், கூட்டம் நகர்ந்துவிட்டது. ரேஷன் கடைப் படியில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரையும் மகள் விடவில்லை. "ஏனுங்க, நீங்களும் வாங்க" என்றாள். பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். இந்தத் தடவை அவளும் சேர்ந்து சிரித்தாள்.

அன்றைக்குக் கேக் எப்படி வெட்டினோம், பிரியாணி எப்படிப் பரிமாறினோம் என்பதெல்லாம் எனக்குச் சரியாக நினைவில்லை. பிரியாணி தீர்ந்த பிறகு வந்தவர்களுக்கு வீட்டுக்காரர் மரச்சீனி அவித்துக் கொடுத்தார் என்பதும், அதை இன்றுவரை சொல்லிக் காட்டுகிறார் என்பதும் நினைவிருக்கிறது.

மறுநாள் காலையில் மகளுக்குத் தொண்டை கட்டிப்போய் சத்தமே வரவில்லை. இன்றைக்கு லீவு போடு என்றேன். மாட்டேன் என்று கையை ஆட்டிவிட்டு, பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். வளைவில் பஸ் திரும்பும்போதே ஜன்னல்களில் இருந்து பிள்ளைகள் அவள் பெயரைச் சொல்லி விளித்தார்கள். அந்தப் பெயரை அந்தப் பஸ்ஸில் அதுவரை யாரும் விளித்ததில்லை. பதில் சொல்லச் சத்தம் இல்லாமல், இரண்டு கையையும் தூக்கி ஆட்டிக்கொண்டே அவள் ஓடினாள்.