பேரை மட்டும் சொல்லவில்லை

என் கல்லூரி அறைத்தோழி மார்னி டெவிட்டைப் பற்றி எழுதலாமா என்று இந்த முறை அவளிடமே கேட்டேன். பதில் வரப் பதினோரு நாள் ஆயிற்று. "அந்த ராத்திரியத் தவிர என்ன வேணா எழுதிக்கோ. என்னை அழுமூஞ்சியா மட்டும் காட்டிடாத." ஆகவே அந்த இரவு இதில் இல்லை. அதற்குப் பிறகு நான் செய்ததுதான் இருக்கிறது.

அவள் அப்பா பால் டேங்கர் ஓட்டுபவர். மாநிலத்தின் வடக்கு மூலையில், பண்ணை பண்ணையாகப் போய்ப் பால் ஏற்றும் வேலை. பள்ளி விடுமுறையில் மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு போவார். எந்த மாடு உதைக்கும், எந்தப் பண்ணைக்காரர் வாய் ஓயாதவர் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. கால்நடை மருத்துவம் படிக்கும் ஆசையில் எங்கள் கல்லூரிக்கு வந்தாள். ஆயிரத்தெண்ணூறு பேர் படிக்கும் சின்னக் கல்லூரி. பகலில் வகுப்பு, மாலையில் சாப்பாட்டுக் கூடத்தில் தட்டு கழுவும் வேலை. அறைக்குத் திரும்பும்போது சட்டையில் சோப்பும் இறைச்சிக் குழம்பும் சேர்ந்து மணக்கும். கிட்ட வராதே என்பேன். வேண்டுமென்றே வந்து கட்டிப்பிடிப்பாள். அதிகம் பேசமாட்டாள், பேசினால் குத்தல் ஒன்று இருக்கும். நான் மாணவர் பேரவைச் செயலாளர் ஆனபோது, இனிமேல் அறைக் குப்பையைக் கொட்டவும் தீர்மானம் போட வேண்டுமா என்று கேட்டாள்.

இரண்டாம் ஆண்டு நவம்பரில் அது நடந்தது. என்னிடம் மட்டும்தான் சொன்னாள். புகார் கொடுக்கவில்லை. அப்பாவுக்குத் தெரியக் கூடாது என்பதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விடப் பெரிதாக இருந்தது. தெரிந்தால் திட்டமாட்டார், ஆனால் தன்னை நிமிர்ந்து பார்க்க அவரால் முடியாது என்றாள். "அவர் என்னை எப்பவும் போலப் பாக்கணும், ஜோஸ்லின். எனக்கு அது போதும்." யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்தேன்.

அடுத்த மார்ச்சில் மாநிலச் சட்டமன்றத்தில் மசோதா வந்தது. கல்லூரிகளில் நடக்கும் பாலியல் வன்முறைக்கு எதிரான மசோதா. வாய் மூடி இருப்பது சம்மதம் ஆகாது என்றது. நடந்ததை யாரிடம் சொல்வது, சொல்லாமல் இருப்பது என்பதைப் பாதிக்கப்பட்டவரே முடிவு செய்வார் என்றது நாலாவது பிரிவு. எங்கள் மாணவர் பேரவை ஒருமனதாக ஆதரித்தது. ஊதா நிறச் சட்டை அச்சடித்தோம், தலைநகருக்குப் போகப் பஸ் பிடித்தோம். நாலாவது பிரிவை நானே மார்னிக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். நன்றாக எழுதியிருக்கிறார்கள் என்றாள். பஸ்ஸில் வரவில்லை, அன்று அவளுக்கு வேலை இருந்தது.

எங்களுக்குப் பயிற்சி கொடுத்த பெண்மணி பஸ்ஸில் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார்: எண்ணிக்கை சொன்னால் உறுப்பினர்கள் செல்போனைப் பார்ப்பார்கள், கதை சொன்னால் உங்களைப் பார்ப்பார்கள். மசோதாவை விசாரிக்கும் சட்டமன்றக் குழுவின் முன்னால் ஆளுக்கு இரண்டே நிமிடம் பேசலாம். பேசுகிறவர் முன்னால் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று விளக்கு எரியும்.

எனக்கு முன்னால் பேசிய மூவரும் எண்ணிக்கைதான் சொன்னார்கள். குழு உறுப்பினர் ஒருவர் சாண்ட்விச்சைப் பிரித்துச் சாப்பிட ஆரம்பித்தார். என் முறை வந்ததும் எழுதி வைத்திருந்த தாளைக் கவிழ்த்துவிட்டு, என் அறைத்தோழி ஒரு பால் வண்டிக்காரரின் மகள் என்று தொடங்கினேன். வடக்கு மூலை, தட்டு கழுவும் வேலை, நவம்பர், அந்த இரவு, எல்லாம் சொன்னேன். சாண்ட்விச் பாதியில் நின்றது. சிவப்பு விளக்கு எரிந்தும் யாரும் என்னை நிறுத்தவில்லை. ஒரு பெண் உறுப்பினர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பேரைச் சொல்லாமல் தோழியைக் காப்பாற்றிவிட்டேன் என்ற பெருமை வேறு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கெட்டிக்காரி நான்.

குழுவில் மசோதா நிறைவேறியது. என் பேச்சின் வீடியோவை மாணவர் பேரவையின் இணையப் பக்கத்தில் ஏற்றியதும் நான்தான். மறுநாள் மாலை மார்னியைத் தட்டு கழுவ விடவில்லையாம். மேற்பார்வையாளர் அவள் தோளைத் தட்டி, நீ உட்கார்ந்து ஸ்பூனைத் துடைத்தால் போதும் என்றாராம். தினமும் அவள்மேல் தண்ணீரடித்து விளையாடுகிறவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்களாம். அப்படித்தான் அவளுக்கு விஷயம் தெரிந்தது.

சட்டைகூட நனையாமல் அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தாள்.

"நான் உன் பேரைச் சொல்லலையே," என்றேன்.

"பேரை மட்டும்தான் சொல்லல."

"சட்டம் வரணும்னுதான்டி..."

"வரட்டும். எனக்கும் வேணும் அந்தச் சட்டம். என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா நீ?"

கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பாள். அது தெரிந்துதான் கேட்கவில்லை. அந்த நேரத்தில் எனக்கு வெட்கம்கூட வரவில்லை, கோபம்தான் வந்தது. எத்தனை பெண்களுக்கு நல்லது நடக்கப் போகிறது, இவளுக்குத் தன் கவலை என்று நினைத்தேன். இதை எழுதும்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

மிச்சப் படிப்பை வீட்டுக்குப் பக்கத்தில் முடித்துக்கொள்கிறேன் என்று மார்னியே முடிவு செய்தாள். இங்கே எல்லாரும் தன்னைக் கன்றுக்குட்டியைத் தொடுவதுபோலத் தொடுகிறார்களாம். சனிக்கிழமை அவள் அப்பா வந்தார். பால் சங்கத்தில் யாரோ அவருக்கு அந்த வீடியோவைக் காட்டியிருந்தார்கள். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அறை வாசலில் நின்றார். மகளைப் பார்க்கவே இல்லை. பெட்டிகளைத்தான் பார்த்தார், ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போனார். அவள் பேசினால் பெட்டியைப் பார்த்தே பதில் சொன்னார்.

கடைசிப் பெட்டியை வண்டியில் ஏற்றிய பிறகு என்னிடம் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீதானம்மா அவளுக்காகப் பேசுன பொண்ணு? நல்லா இரு. என்கிட்ட சொல்லக் கூச்சப்பட்டுக்கிட்டு உன்னைச் சொல்லச் சொல்லியிருக்கா. அப்படித்தான?"

எனக்குப் பின்னால் மார்னி நின்றிருந்தாள். உண்மையைச் சொல்ல எனக்கு நேரம் இருந்தது. அவர் பதிலுக்குக் காத்திருந்தார்.

"ஆமாப்பா," என்றாள் மார்னி. "நான்தான் சொல்லச் சொன்னேன்."

அன்று முதல் தடவையாக அவர் நிமிர்ந்து மகளைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, நன்றி சொன்னார். நான் அதை வாங்கிக்கொண்டேன்.