நான் எழுதிக் கொடுத்த டி.சி. விண்ணப்பங்கள்

எங்கள் பள்ளி இந்த வருஷமும் நூற்றுக்கு நூறு இல்லை. போன வருஷமும் இல்லை. பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த பிறகு நடக்கிற கூட்டத்தில், நூறு காட்டாத பள்ளிகளின் தலைமை ஆசிரியர்களை எழுந்து நிற்கச் சொல்வார்கள். நான் பொறுப்புத் தலைமை ஆசிரியைதான். ஆனால் நிற்கிற விஷயத்தில் பொறுப்பு, நிரந்தரம் என்ற பேதமெல்லாம் கிடையாது. நிற்கிறேன். தலையைக் குனியச் சொல்லி உத்தரவு எதுவும் வரவில்லை, அதனால் நிமிர்ந்தே நிற்கிறேன்.

போன கூட்டத்தில் பக்கத்து நாற்காலித் தலைமை ஆசிரியர் என் மேல் இரக்கப்பட்டார். "ஏன் மேடம் வம்பு? தேறாத கேஸ் மூணு நாலுதானே இருக்கும்? ஒன்பதாவதிலேயே அப்பா அம்மாவைக் கூப்பிட்டு, அவங்களே கேட்ட மாதிரி டி.சி. கொடுத்து அனுப்பிட்டா முடிஞ்சுது" என்று காதருகே சொன்னார். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. பிள்ளைகளைக் 'கேஸ்' என்று சொன்னதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

அந்த டி.சி. எப்படிக் கொடுக்கப்படுகிறது என்று அவர் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பதின்மூன்று வயதிலேயே அந்த வேலையில் நான் கை தேர்ந்தவள். விண்ணப்பத்தின் வாசகம் இன்றும் எனக்குத் தலைகீழ்ப் பாடம்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்குப் பின்புறம், நெல் வயலும் கம்பெனிச் சுவரும் மாறி மாறி வருகிற ஓர் ஊரில் எங்கள் உயர்நிலைப் பள்ளி இருந்தது. ஒன்றாவதிலிருந்து பத்தாவது வரை, அதோடு சரி. அதற்கு மேல் படிக்க வேண்டுமென்றால் லோக்கல் ரயில் பிடித்துப் பொன்னேரி போக வேண்டும். பெண் பிள்ளைகளில் பாதிப் பேரை வீட்டில் ரயிலேற்ற மாட்டார்கள். எங்கள் தலைமை ஆசிரியருக்கு அது பெரிய மனக்குறை. பள்ளியை எப்படியாவது மேல்நிலைப் பள்ளி ஆக்கிவிட வேண்டும் என்று மனு மேல் மனுவாக எழுதினார். கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கிச் சுற்றுச்சுவர் கட்டினார். புத்தகத்தைத் திறக்காமல் கணக்கு நடத்துவார். இதையெல்லாம் சொல்லாமல் விட்டால் நான் அவருக்குத் துரோகம் செய்தவள் ஆவேன். தொடர்ந்து சில வருஷம் நூறு சதவீதம் காட்டினால் பிளஸ் டூ வந்துவிடும் என்று யாரோ மேலிடத்தில் அவரிடம் சொல்லியிருந்தார்கள். அதை அவர் வேதவாக்காக எடுத்துக்கொண்டார்.

எனக்குக் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். ஏழாவது படிக்கும்போது ஒருநாள் தலைமை ஆசிரியர் அறைக்குக் கூப்பிட்டனுப்பினார்கள். போனால் ஒரு ஸ்டூல், ஒரு வெள்ளைத்தாள், ஒரு பேனா. ஒன்பதாவதில் தேறாத பையன் ஒருவனுடைய அப்பா சுவரோரம் நின்றிருந்தார். "அவருக்கு எழுத வராதும்மா. நான் சொல்றேன், நீ எழுது" என்றார் தலைமை ஆசிரியர். எங்களுக்கு அவர் பெரிய சார். 'அனுப்புநர்' என்று ஆரம்பித்து, குடும்பச் சூழ்நிலை காரணமாகத் தன் மகனுக்கு மாற்றுச் சான்றிதழ் வழங்கும்படி அந்த அப்பா பணிவன்புடன் கேட்டுக்கொள்வதாக எழுதி முடித்தேன். அவர் ரேகை வைத்தார். எனக்கு அரை டம்ளர் டீ கிடைத்தது.

ஆசிரியர்கள் யாரும் ஏன் எழுதவில்லை என்று அப்போது நான் யோசிக்கவில்லை. அவர்கள் கையெழுத்தில் இருந்தால் ஆய்வுக்கு வருகிறவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். பிள்ளை கையெழுத்தில் இருந்தால், வீட்டுப் பிள்ளை எழுதிக் கொடுத்தது என்று நம்புவார்கள். எல்லாவற்றிலும் ஒரே காரணம் இருந்தாலும் சந்தேகம் வரும். அதனால் நாலைந்து தாளுக்குப் பிறகு காரணத்தைப் பெரிய சார் என் பொறுப்பிலேயே விட்டுவிட்டார். 'வெளியூரில் வேலை கிடைத்துக் குடும்பத்தோடு செல்வதால்', 'மாமா வீட்டில் தங்கிப் படிக்க இருப்பதால்' என்று நான் பாட்டுக்கு அவிழ்த்துவிட்டேன். படித்துப் பார்த்துவிட்டு, "கெட்டிக்காரி" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்புக்காக இன்னும் பத்து குடும்பத்தை ஊரை விட்டு அனுப்பியிருப்பேன்.

எட்டாவது வந்தேன். அண்ணன் ஒன்பதாவது. வளர்த்தியான ஆள், கடைசி பெஞ்ச். பெஞ்ச் தூக்க, கொடிக் கயிறு மாட்ட, கழிவறைக்குள் வந்த பாம்பை விரட்ட, எல்லாவற்றுக்கும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். பள்ளிக்கு எல்லா வேலைக்கும் வேண்டியவன், பரீட்சைக்கு மட்டும் வேண்டாதவன். கணக்கும் இங்கிலீஷும் அவனை அண்டவேயில்லை.

அந்த வருஷக் கடைசியில் ஒருநாள் மதியம் என்னைக் கூப்பிட்டார்கள். ஒன்பதாம் வகுப்பு ஆசிரியர் புதியவர், பெயர்ப் பட்டியலை என்னிடமே கொடுத்துவிட்டுப் போய்விட்டார். முதல் தாளை எழுதினேன். இரண்டாவது தாளில் பட்டியலைப் பார்த்துப் பார்த்து அனுப்புநர், பெறுநர் எழுதி, 'என் மகன்' என்பது வரைக்கும் வந்த பிறகுதான் அனுப்புநர் என் நைனா என்று உறைத்தது. எங்கள் பக்கம் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். முழுப்பெயரை எழுதிப் பழக்கம் இருந்தால் முதல் வரியிலேயே கண்டுபிடித்திருப்பேன்.

பேனா நின்றதைப் பெரிய சார் பார்த்தார். தாளை எட்டிப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. நான் அந்தப் பையனின் தங்கை என்பது அவருக்கு நிஜமாகவே நினைவில் இல்லை. என்னை அவருக்குக் கையெழுத்தாகத்தான் தெரியும்.

"உங்க அப்பா கிட்டே பேசிட்டேம்மா. சரின்னுட்டார். நாலு மணிக்குக் கையெழுத்துப் போட வரார்" என்றார். பிறகு மெதுவாக, "நீ நல்லாப் படிக்கிற பொண்ணு. உங்க அண்ணன் ஒருத்தனாலே பிளஸ் டூ வராமப் போனா, நீ எங்கே போய்ப் படிப்பே? உனக்காகத்தானே செய்யறேன்?" என்றார்.

இன்றைக்கு யோசித்தாலும் அதற்கு எனக்கு முழுப் பதில் கிடையாது. அன்றைக்கு யோசிக்கவே இல்லை. பாதி எழுதிய தாளை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, பெரிய சார் கூப்பிடக் கூப்பிட, கேட்டைத் தாண்டி ஓடினேன். அவரை எதிர்த்து நான் செய்த முதல் காரியம் அதுதான்.

அம்மா, மருந்து பாட்டிலுக்குப் பிளாஸ்டிக் மூடி செய்கிற கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருந்தாள். காலை ஷிஃப்ட் இரண்டரைக்குத்தான் விடும். லாரி போகிற ரோட்டில் செருப்பில்லாமல் ஓடி, கம்பெனி வாசலில் வாட்ச்மேன் துரத்தத் துரத்த நின்றேன். நீலக் கோட்டோடு வெளியே வந்த அம்மா தாளை வாங்கிப் படித்தாள்.

"இது உன் கையெழுத்தாச்சே!" என்றாள். நான் தலையாட்டினேன். "அந்தாளுக்கு இன்னா நெஞ்சழுத்தம் பாரு! அண்ணன வெரட்டறதுக்குத் தங்கச்சியவே எழுத வெச்சிக்கிறாரு" என்றாள். வேன் கிளம்பத் தயாராக நின்றது. அதில் ஏறாமல், கோட்டைக்கூடக் கழற்றாமல், என் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கு நடந்தாள்.

நாங்கள் போனபோது நைனா மேஜை முன்னால் நின்றிருந்தார். இரும்பு உருக்கும் கம்பெனியில் நெருப்புக்குப் பக்கத்தில் நின்று வேலை பார்க்கிற மனுஷர். அந்த அறையில் மட்டும், செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு, சொன்ன இடத்தில் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்து வைத்திருந்தார். வேறு யாரோ பையனை வைத்துப் புதிதாக எழுதிய தாள் மேஜையில் இருந்தது. அதில் மூன்று இடத்தில் அடித்தல். அந்த நேரத்திலும் அது என் கண்ணில் பட்டது.

"இந்தா, பேனாவ மூடு நீ" என்றாள் அம்மா. நைனா மூடினார்.

பெரிய சார் பொறுமையாகத்தான் பேசினார். "பையன் நல்லவன்மா. நான் இல்லேன்னு சொல்லலே. படிப்பு ஏறலே. ஒரு ஐ.டி.ஐ.யிலே சேர்த்துவிடுங்க, கைத்தொழில் கத்துக்கட்டும்."

"பத்தாவது பாஸ் பண்ணாம எந்த ஐ.டி.ஐ.ல சார் நல்ல ட்ரேடு குடுப்பாங்க? கம்பெனி கம்பெனியா போற எங்களுக்குத் தெரியாதா?" என்றாள் அம்மா. "நான் மூடி பொறுக்கறவ சார். கோணலா வந்தா எடுத்து ரிஜெக்ட்ல போடுவேன். அதுக்குத்தான் எனக்கு சம்பளம். ஆனா கோணலாவே வந்துக்கினு இருந்தா, மூடிய யாரும் திட்ட மாட்டாங்க. மிஷின நிறுத்திட்டு அச்சத்தான் பாப்பாங்க. நீங்க எப்ப சார் உங்க மிஷின நிறுத்திப் பாத்தீங்க?"

அம்மா மேஜையிலிருந்த ஒரு வெள்ளைத்தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"எம்மவன் போவணும்னா போவட்டும். ஆனா நாங்க கேக்கல. நீங்கதான் அனுப்புறீங்க. அதயே எழுதுங்க. 'ஒம்போது வருசம் எங்க கையில குடுத்து வெச்ச புள்ளைக்கு எங்களால சொல்லிக்குடுக்க முடியல, அதனால வெளிய அனுப்புறோம்'னு எழுதி, கீழ நீங்க கையெழுத்துப் போட்டுக் குடுங்க. மறுபேச்சு பேசாம வாங்கிக்கினு போறோம்."

பெரிய சார் பேனாவைத் திறந்தார். அவருக்கும் கோபம் இருந்தது, எழுதிவிடுவார் என்றுதான் நினைத்தேன். ஜன்னலுக்கு வெளியே ஆண்டு விழாவுக்காக அண்ணன் இரண்டு பெஞ்சுகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கித் தூக்கிக்கொண்டு போனான். அவர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேனாவை மூடிவிட்டு, "போங்கம்மா" என்றார். "ஜூன்லேர்ந்து சாயங்காலம் ஒரு மணி நேரம் என்கிட்டே இருக்கட்டும்."

அந்த ஒரு மணி நேரத்தை அவர் ஒருநாளும் தவறவிடவில்லை. அண்ணன் அடுத்த மார்ச்சில் பத்தாவது பரீட்சையில் கணக்கில் பாஸ், இங்கிலீஷில் ஃபெயில். மறுபடி எழுதி அக்டோபரில் தேறினான். பள்ளியின் நூறு போயிற்று. பிளஸ் டூவும் நான் இருந்தவரை வரவில்லை. இரண்டு வருஷம் லோக்கல் ரயிலில் பொன்னேரிக்குப் போனேன். ஆக, பெரிய சார் சொன்ன கணக்கு சரியாகத்தான் இருந்தது. இருக்கட்டுமே. ரயிலில் நின்றுகொண்டு போனால் கால்தான் வலிக்கும்.

இன்று என் வகுப்பில் கம்பெனி வேலைக்கு வந்த ஒடிசாக் குடும்பத்துப் பிள்ளைகள் இருக்கிறார்கள், 'ழ'வோடு மல்லுக்கட்டுகிறார்கள். அவர்களையும் பத்தாவதில் உட்கார வைக்கத்தான் போகிறேன். கடைசிப் பீரியட் அவர்களோடுதான் எனக்கு. தலைமை ஆசிரியர் என்பவர் நோட்டீஸ் போர்டில் எண் எழுதுகிறவர் இல்லை, வாசலில் நின்று ஒரு பிள்ளையும் வெளியே போகாமல் பார்த்துக்கொள்கிறவர் என்று அம்மாவிடமிருந்து கற்றேன் என்று மேடையில் சொன்னால் கை தட்டுவார்கள். ஆனால் நான் கற்றது அந்த அறையில் இல்லை. அங்கிருந்து வீட்டுக்குப் போகிற வழியில்.

நைனா ஷிஃப்டுக்குப் போய்விட்டார். அம்மாவும் நானும் மட்டும் நடந்தோம். அம்மா அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. வழியில் எனக்கு ஒரு ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தாள். "பாத்தியா, பேனாவத் தொறந்தாரு, ஒரு எழுத்து எழுத முடியல!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். எனக்கும் குஷி தாங்கவில்லை. வெற்றியில் என் பங்கையும் சொல்லிக்கொள்ள ஆசை வந்தது.

"அது நான் எழுதாததாலதாம்மா. வேற பையன் எழுதுனதுல மூணு அடித்தல். இதுவரைக்கும் எல்லாருக்கும் நான்தான் எழுதுனேன்" என்றேன்.

அம்மா நின்றாள். "எல்லாருக்கும்னா?"

விரல் விட்டு ஒவ்வொரு பெயராகச் சொன்னேன். ஆறாவது விரலில், போன வருஷம் நின்றுபோன ஓர் அக்காவின் பெயர் வந்தது. ஏரிக்கரைத் தெரு. வயதைக் கூட்டிச் சொல்லி அம்மாவின் கம்பெனியிலேயே பேக்கிங்கில் சேர்ந்திருந்தாள், அம்மாவோடு அதே வேனில் வருகிறவள்.

"அவளுக்கு இன்னா எழுதுன?" என்றாள் அம்மா. குரலே வேறாக இருந்தது.

நன்றாக நினைவிருந்தது. அது நானே சொந்தமாக எழுதிய காரணம். பெரிய சார் மெச்சிய காரணம். ஒப்பிப்பதுபோல் சொன்னேன்: "பெண் பிள்ளைக்கு இந்தப் படிப்பே போதும் என்று நாங்கள் முடிவு செய்திருப்பதால்."

பளீரென்று கன்னத்தில் விழுந்தது. ரோஸ்மில்க் பாவாடை முழுக்கக் கொட்டியது. நடுரோட்டில், கோட்டோடு, அம்மா அழ ஆரம்பித்தாள். "டி.சி. வாங்கப் போனப்ப பள்ளிக்கூட ஆபீசுல அந்தத் தாள அவ படிச்சிக்கிறாடி. அப்பன்தான் எழுதிக் குடுத்தான்னு ஒரு வருசமா அந்தாளுகூட அவ பேசறதில்ல. சோறு போட்டா வாங்கித் துன்றதில்ல. அந்தாளு எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு அவ காலப் புடிக்காத குறையா கெஞ்சறான். நானும்தாண்டி அந்தாள, நீயெல்லாம் ஒரு அப்பனான்னு கேட்டேன்!"

அம்மா ஏன் அழுகிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. அண்ணனைக் காப்பாற்றிக் கொடுத்தவளை எதற்காக அடிக்க வேண்டும் என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினேன்:

"ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமதானேம்மா எழுதுனேன்!"